காதால் கற்க வேண்டிய ஆங்கிலம்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சில கிலோமீற்றர் சென்றால் இரத்மலானை விமான நிலையம். கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே நீர்கொழும்பு வீதியில் சென்றால் கட்டுநாயக்க. இவ்விரண்டிற்கும் இடையே வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களிலும் விமானியாகவோ விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகவோ வரவேண்டுமென்ற கனவுடன் பிள்ளைகள் இருக்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், கணிதத்திலும் பௌதிகத்திலும் சிறந்து விளங்கும் மாணவர்கூட விமானத்துறை ஆங்கிலப் பரீட்சையில் ஒரு நிமிடமே நீளும் ஒலிப்பதிவொன்றின் முன் தடுமாறிப்போவது உண்டு.

ஏ.ரி.ஐ.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் விமான நிலையத் தகவல் ஒலிபரப்பே அது. விமான நிலையத்தின் பெயர், தகவலுக்குரிய எழுத்து, நேரம், பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை, காற்றின் திசையும் வேகமும், பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, வளியமுக்கம் ஆகியன ஓர் ஒழுங்கில் பதிவுசெய்யப்பட்டு, வானொலி அலைவரிசையில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். நிலைமை மாறும்போது பதிவும் மாறும். அல்பா போய் பிராவோ வரும். பிராவோ போய் சார்லி வரும். விமானி கட்டுப்பாட்டாளருடன் முதன்முதலாகப் பேசும்போது எந்த எழுத்துக்குரிய தகவலைத் தாம் கேட்டுள்ளார் என்பதைக் கூறவேண்டும். பரீட்சைகள் பலவற்றில் இத்தகைய பதிவொன்றை ஒலிக்கவிட்டு, மாணவர் எதனைப் பிடித்துக்கொண்டார் என வினவுகின்றனர்.

இது வெறும் பரீட்சைச் சடங்கு அன்று. வளியமுக்கம் 1001 ஹெக்டோபஸ்கல் என்று ஒலிபரப்பு கூறுகையில், அதனை 1010 என்று ஒருவர் செவிமடுத்துவிட்டதாகக் கொள்வோம். அதே நான்கு இலக்கங்கள்தாம். வரிசை மட்டுமே மாறியுள்ளது. ஆனால் ஒரு ஹெக்டோபஸ்கல் ஏறக்குறைய 30 அடி உயரத்திற்குச் சமம். உயரமானியை அவ்வாறு பிழையாகப் பொருத்திய விமானம், கருவி காட்டும் உயரத்திலும் ஏறக்குறைய 270 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். மழைமேகத்தினூடாகத் தரையிறங்கும் வேளையில் அந்த இடைவெளியின் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

மொழியைச் சரிவரப் புரிந்துகொள்ளாமையின் விலையை எமது அயல்நாடு 1996 நவம்பர் 12 ஆம் திகதி கண்டது. டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி வானில் சவூதி அரேபிய விமானமும் கஸகஸ்தான் விமானமும் மோதியதில் 349 பேர் மாண்டனர். சவூதி விமானத்தில் இருந்தோரில் பலர் தொழிலுக்காகச் சென்றுகொண்டிருந்த இந்தியர். கஸகஸ்தான் விமானம் தனக்கு விதிக்கப்பட்ட உயரத்திற்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் எனக் கண்ட விசாரணை, அதன் பணிக்குழுவினரின் ஆங்கிலக் குறைபாட்டையும் சுட்டியது. அங்கு நிகழ்ந்தது ஒலிப்பதிவைப் பற்றிய தவறு அன்று, நேரடி உரையாடல் பற்றியது. எனினும் இரண்டிற்கும் தேவையான செவி ஒன்றே. எமது நாட்டிலிருந்தும் தொழிலுக்காகவும் ஹஜ், உம்றாக் கடமைகளுக்காகவும் ஆண்டுதோறும் பெருந்தொகையினர் பறக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1998 இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொதுச்சபை இவ்விடயத்தில் கவனஞ் செலுத்தியது. 2003 இல் மொழித்தேர்ச்சி விதிகள் ஏற்கப்பட்டு, 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. ஆயத்தமாகாத நாடுகளுக்கு 2011 மார்ச் வரை அவகாசம் அளிக்கப்பட்டது. ஆறு படிகளில் நான்காம் படியே சர்வதேசப் பறப்புக்குரிய குறைந்தபட்சத் தகைமை. உச்சரிப்பு, இலக்கண அமைப்பு, சொல்வளம், சரளம், கிரகித்தல், ஊடாட்டம் என ஆறு திறன்கள் மதிப்பிடப்படுகின்றன. அவற்றுள் மிகக் குறைந்த புள்ளியே இறுதிப் படியைத் தீர்மானிக்கும். பேச்சில் எவ்வளவுதான் மிளிர்ந்தாலும் கேட்டலில் மூன்றாம் படியில் நிற்பவர் மூன்றாம் படியினரே.

இவ்விடத்தில் எமது பெற்றோரிடையே நிலவும் ஒரு மயக்கத்தைக் களைய வேண்டியுள்ளது. வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இத்துறை உரியது என்பது அந்த மயக்கம். இப்பரீட்சை இலண்டன் உச்சரிப்பைக் கோரவில்லை. தாய்மொழியின் சாயல் இருந்தாலும் பிறர் விளங்கிக்கொண்டால் போதும் என்கிறது. வானொலி மொழியோ மேலும் எளிது. பதின்மூன்றும் முப்பதும் ஆங்கில ஒலியில் குழம்புமென்பதால் ஓடுபாதை, திசை ஆகியவற்றின் இலக்கங்கள் ஒவ்வொன்றாகவே உச்சரிக்கப்படுகின்றன. ஒன்பதை ‘நைனர்’ என்பதும் ஐந்தை ‘ஃபைஃப்’ என்பதும் செவிப்பிழையைத் தவிர்க்கவே. தமிழ்மொழி மூலம் கற்ற மாணவருக்கு இது எட்டாக்கனி அன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. எமது பாடசாலைகளில் ஆங்கிலம் பெரும்பாலும் கண்ணால் வாசித்துக் கையால் எழுதும் பாடமாகவே இருந்து வருகிறது. காதுக்கு அங்கு வேலை குறைவு. பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்றும், முன்பின் கேட்டிராத குரலொன்று இரைச்சலினூடே விரைந்து பேசினால் மாணவர் திகைத்து நிற்பது இதனாலேயே. மாதிரிப் பதிவுகளின் எழுத்துப் பிரதியை மனனஞ் செய்விப்பது இதற்குப் பரிகாரமாகாது. எழுத்து மாறும்; காற்று மாறும்; பேசுபவரின் குரலும் மாறும். தகவல் வரும் ஒழுங்கை முதலில் மனத்திற் பதித்து, இலக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டு, பல நாட்டவரின் குரல்களில் நாள்தோறும் கேட்டுப் பழகுவதே வழி. முதன்முறை கேட்டதைப் பிரதியைப் பாராமல் எழுதி, பின்னர் ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும்.

தகவலை எழுத்தாகத் திரையிலே தரும் வசதி இன்று வந்துவிட்டதே எனச் சிலர் கேட்கலாம். எல்லா விமானத்திலும் எல்லா நிலையத்திலும் அது கிடையாது. மேலும், கேட்க இயலாதவர் கட்டுப்பாட்டாளரின் அடுத்த கட்டளையையும் தவறவிடக்கூடும்.

பாடசாலைகளின் ஆங்கில வகுப்பில் வாரத்திற்கு ஒரு பாடவேளையேனும் கேட்டலுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். பயிற்சி நிலையங்கள் பணம் அறவிடுமுன் மாணவரின் கேட்டல் திறனைச் சோதித்து, உண்மை நிலையைப் பெற்றோருக்குத் தெரிவித்தல் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை இப்பரீட்சை பற்றிய விளக்கத்தைத் தமிழிலும் பரவலாகக் கிடைக்கச் செய்தல் வேண்டும். பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்திய பின்னர் கேட்டல் என்னும் ஒரு திறனில் பின்தங்கி வீடு திரும்பும் பிள்ளையின் ஏமாற்றத்தை, பாடசாலைப் பருவத்திலேயே தவிர்த்துவிட முடியும். அப்பொறுப்பைப் பிள்ளையின் தலைமீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது.