நோயுற்ற பிள்ளைக்கும் தன் கையே தனக்குதவி

'மனோவசியம்' என்றதும் நம்மவர் பலருக்கு மந்திரமும் மேடை வேடிக்கையுமே நினைவுக்கு வருகின்றன. அந்தப் பயத்தால், நீண்டகால நோயோடு வாழும் பிள்ளைகளுக்கு உதவக்கூடிய ஒரு பயிற்சியை நாம் ஒதுக்கிவிடக் கூடாது.

சுயமனோவசியத்தில் பிள்ளையின் மனத்தை வேறொருவர் ஆட்டுவிப்பதில்லை. பிள்ளை தானே ஆறுதலாக மூச்சுவிட்டு, உடலைத் தளர்த்தி, தனக்கு விருப்பமான ஓரிடத்தை மனக்கண்ணில் கண்டு, நோவிலிருந்து கவனத்தைத் திருப்பப் பழகுகிறது. மண்சோறு சமைத்து விளையாடும் வயதில் கற்பனை இலகுவாகக் கைவரும்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கரென் ஒல்னெஸும் குழுவினரும் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒற்றைத் தலையிடியால் வருந்திய, 6 முதல் 12 வயதுவரையான 28 பிள்ளைகள் அதை நிறைவுசெய்தனர். மூன்று மாதத்தில் சராசரியாக, வெற்று மாத்திரை எடுத்தபோது 13.3 தடவையும், புரோப்பிரனலோல் மருந்து எடுத்தபோது 14.9 தடவையும் தலையிடி வந்தது. சுயமனோவசியம் பழகியபோது 5.8 தடவையே வந்தது. எனினும், வந்த தலையிடியின் கடுமை குறையவில்லை.

ஆகவே இதை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினைக் கற்பனை ஈடுசெய்யாது. நோவின் காரணத்தை வைத்தியர் கண்டறிந்த பின்னரே, பயிற்சி பெற்ற ஒருவரிடம் இதைக் கற்க வேண்டும்.

பெற்றோரே, இடம்பெயர்ந்த வாழ்வில் எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பதன் வேதனை உங்களுக்குத் தெரியும். நோயுற்ற பிள்ளையின் நிலையும் அதுவே. தானே செய்யக்கூடிய ஒன்றையாவது அதன் கையில் கொடுப்போம். "பழகினாயா?" என்று நச்சரிக்காதீர்கள், அது பிள்ளையின் சொந்த முயற்சியாகவே இருக்கட்டும். அடுத்தமுறை கிளினிக் போகும்போது வைத்தியரிடம் இதைப்பற்றிக் கேளுங்கள்.