கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் யார்?

சிங்கப்பூரின் அடுக்குமாடிப் பேட்டை ஒன்றில் பத்து ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். காப்பிக்கடையில் தேநீர் கலக்குபவரின் சொந்த ஊர் தெரியும். மளிகைக்கடைக்காரரின் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்றும் தெரியும். ஆனால் பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இயங்கும் குடும்பச் சேவை நிலையத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்? "அதுவா... ஏதோ கஷ்டப்படுறவங்களுக்கு உதவி செய்யுற இடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இது ஒரு சிறிய குறை போலத் தோன்றலாம். ஆனால் சிறிய குறை அல்ல. வெள்ளம் வரும் முன் அணை போட வேண்டும் என்பார்கள். குடும்பச் சேவையில் அந்த அணை என்பது கட்டடமும் அல்ல, திட்டமும் அல்ல. தெரிந்த ஒரு முகம். துன்பம் வருவதற்கு முன்பே அந்த முகம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நிலையங்கள் யாருடையவை?

சிங்கப்பூர் முழுவதும் 40க்கும் மேற்பட்ட குடும்பச் சேவை நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை நடத்துபவை லாப நோக்கமற்ற சமூக சேவை அமைப்புகள். சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு நிதி தருகிறது. மீதியை அமைப்புகள் நன்கொடையாகத் திரட்டுகின்றன. இன, மத வேறுபாடு இல்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வட்டாரம் உண்டு. 1991இல் தொடங்கப்பட்ட சிண்டாவும் தன் பெயரில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தை நடத்துகிறது. மாதச் சம்பளத்திலிருந்து சிண்டா நிதிக்குச் சில வெள்ளி பிடித்தம் செய்யப்படும் இந்தியர்கள் பலருக்கு, அந்தப் பணம் எந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் எந்த மனிதரின் உழைப்பாக மாறுகிறது என்று தெரியாது என்பதுதான் வேடிக்கை.

பலர் இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். அரசாங்கத்தின் காம்கேர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் சமூக சேவை அலுவலகம். அது 2013 முதல் வட்டாரம் வட்டாரமாகத் திறக்கப்பட்டது. குடும்பச் சேவை நிலையத்தின் முதன்மையான வேலை பணம் கொடுப்பது அல்ல. குடும்பத்தோடு உட்கார்ந்து சிக்கலை அவிழ்ப்பது. கணவன் மனைவி சண்டை, பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை, கடன், குடி, முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பாரம், வீட்டில் அடி உதை... எல்லாம் அங்கே வரும். பணத்தைப் படிவம் நிரப்பி வாங்கிவிடலாம். இதையெல்லாம் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வர முடியுமா? ஒரு மனிதரிடம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் அந்த மனிதர் யார் என்பது இங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

கதவைத் திறந்ததும் முதலில் இருப்பவர் வரவேற்பாளர். சம்பளப் பட்டியலில் கடைசியில் இருக்கக்கூடிய இவர்தான் பல குடும்பங்களின் தலையெழுத்தை முதல் இரண்டு நிமிடத்தில் தீர்மானிக்கிறார். அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் "ஐசி கொண்டு வந்தீங்களா?" என்று முதலில் கேட்கிறாரா, "உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்று முதலில் சொல்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து முதல் நேர்காணலை நடத்தும் ஊழியர். வீட்டில் எத்தனை பேர், வருமானம் என்ன, இன்றிரவு வீட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பா என்றெல்லாம் கேட்பார். துருவித் துருவிக் கேட்கிறாரே என்று தோன்றும். யாருக்கு ஆபத்து உடனடியானது, யார் சில நாள் பொறுக்கலாம் என்று பிரித்தறியவே அந்தக் கேள்விகள். பிறகு சமூக சேவை ஊழியர். குடும்பத்தோடு மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நடப்பவர் இவர். வீட்டுக்கு வருவார்; பள்ளி, மருத்துவமனை, வீவக என்று எல்லா இடங்களோடும் பேசுவார். அவருக்குத் துணையாக இணை ஊழியர்கள், மனநல ஆலோசகர், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தொண்டூழியர்கள். இவர்கள் எல்லாருக்கும் மேலே மேற்பார்வையாளர். இளம் ஊழியர் ஒருவர் ஒரு குழந்தையின் காயத்தைப் பார்த்துவிட்டு வந்து தூங்க முடியாமல் தவிக்கும்போது, அவரோடு உட்கார்ந்து பேசுவதும் மேற்பார்வையாளரின் வேலைதான்.

இவர்கள் வெறும் இரக்கத்தின் பேரில் வந்தவர்கள் அல்லர், படித்துவிட்டு வந்தவர்கள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப் பணிக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கிய அதே 1952ஆம் ஆண்டில்தான், சிங்கப்பூரில் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்வியும் தொடங்கியது. அங்கே தொடக்க ஆண்டுகளில் படித்து 1954இல் பட்டயம் பெற்றவர்களில் ஒரு தமிழர் உண்டு. எட்டு வயதில், கடனில் மூழ்கிய தந்தையை இழந்தவர் அவர். இளம் வயதில் வீட்டை விட்டு ஓடியவர். 1955இல் மருத்துவமனைச் சமூக ஊழியராக அரசுப் பணியில் சேர்ந்தவர். பெயர் எஸ்.ஆர். நாதன். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபர்! அவர் அதிபரானது எல்லாருக்கும் தெரியும். நோயாளிகளின் குடும்பக் கதைகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வதில் அவருடைய அரசுப் பணி தொடங்கியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதிபரின் தொழிலை மதிக்கும் சமூகம், அவர் முதலில் பார்த்த தொழிலையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஏன் யாரும் போவதில்லை?

முதல் காரணம் பயம். "அங்க போனா பிள்ளைய எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்ற பேச்சு மின்தூக்கிக்குள்ளேயே பரவுகிறது. உண்மையில், ஒரு குடும்பச் சேவை நிலைய ஊழியர் தான் நினைத்தபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிள்ளைப் பாதுகாப்புக்கென்று சட்டமும் தனி அதிகாரிகளும் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குக் கொடுமை என்று தெரிந்தால் ஊழியர் அதை மறைக்க முடியாது என்பதும் உண்மை. நல்ல ஊழியர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். இந்த இரண்டு உண்மைகளையும் துண்டுப்பிரசுரத்தில் படித்தால் பயம் கூடும். பழகிய ஒருவர் வாயால் கேட்டால் பயம் குறையும்.

இரண்டாவது காரணம் வெட்கம். தமிழ்க் குடும்பங்களில் இது கொஞ்சம் அதிகம். வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று சொல்லியே வளர்ந்தவர்கள். அந்த நாலு பேர் யார் என்று யாரும் பார்த்ததில்லை; ஆனால் அவர்களுக்குப் பயந்து அடி வாங்கிக்கொண்டு இருந்தவர்கள் உண்டு.

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கணவன் வேலை இழந்து குடிக்கத் தொடங்கியிருக்கிறான். மூத்த மகன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவளுக்குக் கண்ணாடிக் கதவு தெரியும். உள்ளே யாரையும் தெரியாது. அவள் அந்த வழியாக நடந்து போய்விடுவாள். இப்போது இன்னொரு விதமாக நினைத்துப் பாருங்கள். போன தீபாவளிக்குக் கீழ்த்தளத்தில் நடந்த கூட்டத்தில் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் அவளோடு முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டே பேசியிருக்கிறாள். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, அன்னிக்கு உங்ககிட்ட பேசிட்டு இருந்துச்சே அந்தப் பொண்ணு, அதுகிட்டயே போய்ச் சொல்லுங்களேன்" என்கிறாள். நிலையமும் அதே நிலையம், திட்டமும் அதே திட்டம்தான். ஆனால் கதவு மட்டும் இப்போது கனமாக இல்லை.

மூன்றாவது காரணம் விசித்திரமானது. நிலைய ஊழியரைச் சந்தையில் பார்க்கும் சிலர் மனம் புண்படுகிறார்கள். "நேத்து அவ்வளவு நேரம் பேசினாங்க, இன்னிக்குத் தெரியாத மாதிரி போறாங்களே, அவ்வளவு திமிரா?" திமிர் அல்ல. பொது இடத்தில் தாமாக முந்திக்கொண்டு வணக்கம் சொல்லாமல் இருப்பது இந்தத் தொழிலில் பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். பக்கத்தில் மாமியார் நிற்கலாம், வேலையிடத்து நண்பர் நிற்கலாம். "இவங்க யாரு?" என்ற ஒரு கேள்வி போதும், ரகசியம் உடைந்துவிடும். அதனால் முடிவை வந்தவரிடமே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். இந்தச் சிறிய விஷயம் தெரியாததால் எத்தனை மனத்தாங்கல்!

சம்பளம் என்றால் முகம் சுளிப்பவர்கள்

நன்கொடை கொடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரிசி மூட்டைக்கு என்றால் கொடுப்பார்கள். பள்ளிப் பைக்கு என்றால் கொடுப்பார்கள். ஊழியர் சம்பளத்துக்கு என்றால் "சேவைக்குக் கூலியா?" என்பார்கள். இந்தச் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2005இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் வெள்ளி பெற்றது நீதிமன்றத்தில் வெளியானபோது நாடே கொதித்தது. கொதித்ததும் நியாயம்தான். ஆனால் உச்சியில் இருந்த ஒருவரின் கணக்கை, கீழ்த்தளத்தில் அழுகைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊழியரின் தலையில் எழுதுவது என்ன நியாயம்?

குடும்பச் சேவையில் ஊழியர்தான் சேவை. அரிசியும் பையும் வந்து சேரும் வாகனம் அல்ல அவர். ஓர் அனுபவமுள்ள ஊழியர் களைத்துப்போய் வேலையை விட்டால், அவரோடு பேசிக்கொண்டிருந்த குடும்பங்கள் எல்லாம் தங்கள் கதையை இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அடி வாங்கிய கதையை இரண்டாம் முறை சொல்வது மீண்டும் ஒருமுறை அடி வாங்குவதைப் போன்றது. சிலர் சொல்வதில்லை, வராமலேயே போய்விடுகிறார்கள். 2023இல் அரசாங்கம் அறிவித்த காம்லிங்க் பிளஸ் திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களோடு தொடர்ந்து நடக்க ஒரு குடும்பப் பயிற்றுநரை நியமிப்பது மையமாக வைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். தொடர்ந்து வரும் ஒரே முகத்தின் மதிப்பை அரசாங்கம் கண்டுகொண்டுவிட்டது. நன்கொடையாளர்கள்தான் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

மறுத்துச் சொல்பவர்கள் சொல்வது

"ஊழியரோடு பழகினால் தொழில்முறை இடைவெளி போய்விடும்" என்பது ஒரு வாதம். அறிமுகம் வேறு, நட்பு வேறு. பேட்டை மருத்துவரை எல்லாருக்கும் தெரியும். அதற்காக அவர் யாரோடும் சீட்டாடப் போவதில்லை. ஊழியரின் பெயர், அவர் செய்யும் வேலை, பேசும் மொழிகள், எந்த நாளில் இருப்பார் என்ற அளவே போதும். அவர் வீட்டு முகவரியோ சொந்தத் தொலைபேசி எண்ணோ யாருக்கும் வேண்டியதில்லை. கோபத்தோடு வரும் குடும்பத்தாரையும் சந்திக்கும் தொழில் இது. அவர்களுடைய பாதுகாப்பையும் நினைக்க வேண்டும்.

"ஆளை நம்பி வந்தால், ஆள் போன பிறகு என்ன செய்வது?" என்பது இன்னொரு வாதம். இது கனமான கேள்வி. ஒருவரை மட்டும் தெரிந்து வைத்திருப்பது ஆபத்துதான். அதற்கு விடை யாரையும் தெரியாமல் இருப்பது அல்ல. இரண்டு மூன்று பேரைத் தெரிந்திருப்பது. விலகிப்போகும் ஊழியர் புதியவரைக் கையோடு அழைத்து வந்து, "இனி இவர் உங்களைப் பார்த்துக்கொள்வார்" என்று நேரில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். மகளை மறுவீட்டுக்கு அனுப்பும்போது கூடப் போய் விட்டு வருவதில்லையா? அதுபோல.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை. நிலையங்கள் ஆண்டில் சில முறையாவது கதவைத் திறந்து வைத்து, "பிரச்சினை உள்ளவர்கள் வாருங்கள்" என்று அல்லாமல் "பக்கத்து வீட்டுக்காரர்கள் வாருங்கள்" என்று அழைக்கலாம். வரவேற்பாளரையும் மேடையில் நிறுத்தி அறிமுகப்படுத்தலாம். தமிழ் பேசும் ஊழியர் யார், மலாய் பேசுபவர் யார் என்று வாசலில் எழுதி வைக்கலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சமூக மன்றம், பள்ளி ஆகிய இடங்களுக்கு ஊழியர்களே ஒருமுறை வந்து, கையேடு கொடுப்பதோடு நிற்காமல் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகலாம்.

பேட்டை மக்களுக்கும் ஒரு வேலை உண்டு. சிக்கல் எதுவும் இல்லாத ஒரு நாளில் உள்ளே போய், "நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கலாம். நேரம் இருப்பவர்கள் தொண்டூழியராகச் சேரலாம். ஒன்றும் முடியாதவர்கள், அந்தப் பக்கம் போகும்போது வரவேற்பாளரைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிப்பதற்கு எந்த ரகசியமும் உடைய வேண்டியதில்லை.

ஒருவேளை அவர்களுக்கு அந்தக் கதவு என்றைக்கும் தேவைப்படாமல் போகலாம். நல்லதுதான். ஆனால் ஒருநாள் நள்ளிரவில் பக்கத்து வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கும். மறுநாள் காலையில் அந்தப் பெண் வீங்கிய முகத்தோடு மின்தூக்கிக்குக் காத்து நிற்பாள். அப்போது "எங்கேயாவது போய் உதவி கேளும்மா" என்று சொல்வது வேறு. "வா, கீழே எனக்குத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார், நானும் கூட வருகிறேன்" என்று சொல்வது வேறு.