அட்டையில் எழும் ஆலை

பள்ளிக் கண்காட்சி என்றதும் நம் பிள்ளைகள் அட்டையும் பசையுமாக அமர்ந்துவிடுகின்றனர். இரட்டைக் கோபுரம் எழுகிறது. பினாங்குப் பாலம் எழுகிறது. நம் பாட்டன் பாட்டியர் ஆயுள் முழுதும் பால் சுமந்து சென்ற ரப்பர் ஆலை மட்டும் எழக் காணோம். கெடாத் தோட்டப் பிள்ளைகள் முதலில் செய்யவேண்டிய மாதிரி அதுவே என்பது என் துணிபு.

காரணம் வெளிப்படை. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. பல தோட்டங்களின் ஆலைகள் இடிந்து மறைந்தன. அவற்றின் படங்கள்கூட நம் வீடுகளில் அரிது. வேலை நேரத்தில் ஆலைக்குள் நின்று படமெடுத்துக்கொள்ளும் வசதி அன்று யாருக்கு இருந்தது? அந்த ஆலையின் வரைபடம் முதியோர் நினைவில்தான் இருக்கிறது. அதுவும் நாளுக்கு நாள் குறைந்து வருகிறது.

மாணவச் செல்வங்களே, செய்முறை எளிது. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மீட்டர் ஆலை உங்கள் ரூலரின் நீளத்தில் அடங்கிவிடும். இரண்டு மீட்டர் கதவு இரண்டு சென்டிமீட்டர். பால்வெட்டும் அம்மா ஒன்றரைச் சென்டிமீட்டர்! பிஸ்கட் பெட்டியின் மெல்லிய அட்டை போதும். மடிக்கும் கோட்டில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறினால் மூலை நேராக நிற்கும். தகரக் கூரைக்கும் அதே பேனாவால் நெருக்கமாகக் கோடு கீறுங்கள். சாமான் பெட்டி அட்டையின் வரிகளை அப்படியே பயன்படுத்துவோர் உண்டு. நம் கணக்கில் அவ்வரி ஒவ்வொன்றும் அரை மீட்டருக்கு மேல் அகலமாகிவிடும்.

உள்ளே என்ன வைப்பது? இங்கேதான் பாட்டியை அழைக்கவேண்டும். வாளிப்பால் நிறுக்கப்பட்டது எங்கே, தண்ணீர் கலந்து ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்த தொட்டி எங்கே, உறைந்த பாலை மெல்லிய ஷீட்டாக்கிய உருளைகள் எங்கே, ஈர ஷீட்டைச் சுமந்துபோய் மூங்கிலில் தொங்கவிட்ட புகைக்கூடம் எங்கே என்று கேளுங்கள். தேநீரில் நனைத்து உலர்த்திய தாள் புகைந்த ஷீட்டின் நிறத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

பெற்றோர்களே, என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் நடுவராக இருந்தேன். ஒரு சிறுவன் சற்றே கோணலான புகைக்கூடம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். "புகைபோக்கி இல்லையே, தம்பி?" என்றேன். "பாட்டி வேண்டாம்னு சொன்னாங்க, சார்" என்றான். மதிப்பெண்ணைக் குறைத்தேன். தகப்பனார் இரவெல்லாம் விழித்துச் செய்திருக்க வேண்டும் என்று தெரிந்தும், பளபளத்த கோபுரம் ஒன்றுக்கே முதல் பரிசு தந்தேன். பின்னர் ஆலையில் வேலை செய்த பெரியவர் ஒருவர் விளக்கினார். உயரமான புகைபோக்கி வைத்தால் புகை விரைந்து ஓடிவிடும்; நாற்பது முதல் அறுபது பாகை வெப்பத்தில் சில நாள் ஷீட்டைச் சுற்றித் தங்கவேண்டிய புகை அது. ஆகவே கூரை முகட்டின் திறப்புகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறுமாறு கட்டினார்களாம். சிறுவனின் பாட்டி சொன்னதே சரி. படித்த நடுவர் சொன்னது தவறு.

இது கூலிக்காரர் கதைதானே, காட்சிக்கு வைக்கவேண்டுமா என்று கூச்சப்படுவோர் இன்றும் உள்ளனர். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த கண்காட்சிக்குக் கடைப்பொருள் எதுவும் வாங்கவேண்டாம். கூரையை ஒட்டுமுன் அந்த ஒன்றரைச் சென்டிமீட்டர் பெண்ணைப் பாட்டியின் கையில் கொடுத்து, எங்கே நிறுத்துவது என்று கேளுங்கள்.