சென்னையின் தெருமரங்களில் பகுதிவாசிகளின் பொறுப்பும் உரிமையும்: நிலைப்பாட்டு அறிக்கை

சென்னையில் மரம் வளர்ப்பு பற்றிய பேச்சு எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்ற கணக்கோடு தொடங்கி, பெரும்பாலும் அந்தக் கணக்கோடே முடிந்துவிடுகிறது. நட்ட கன்று மூன்றாவது கோடையைக் கடந்ததா, அதன் வேர் பரவ மண் இருந்ததா, கிளை கழித்தவர் எந்த இடத்தில் வெட்டினார் என்பவை விழா முடிந்தபின் எழும் கேள்விகளாதலால், அவற்றுக்குப் பொறுப்பேற்போர் அரிதாகவே உள்ளனர். நகர மரங்களைப் பேணுவதில் அந்தந்தத் தெருவில் வாழ்வோருக்கு முதன்மையான பங்கு தரப்பட வேண்டும் என்பதும், அந்தப் பங்கு நீரூற்றும் கடமையாக மட்டும் நில்லாமல், எங்கே எந்த மரத்தை நடுவது, எதை வெட்டலாகாது என்பவற்றைத் தீர்மானிக்கும்போது கேட்கப்பட வேண்டிய குரலாகவும் அமைய வேண்டும் என்பதும் இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட குல்மோகர், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரம் போன்ற அயல் மரங்கள் ஏராளமாக விழுந்ததைக் கண்டு, உள்நாட்டு மரம் நட்டால் போதும் என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். அது பாதி உண்மையே. உள்நாட்டு மரங்களும் அன்று விழுந்தன. விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தால் காரணம் இனத்தோடு நிற்பதில்லை என்பது விளங்கும். ஒருபுறம் தார்ச்சாலையும் மறுபுறம் சுற்றுச்சுவரும் நெருக்க, வடிகாலுக்காகத் தோண்டியபோது ஒரு பக்க வேர் அறுபட்டு, மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகள் மட்டும் கழிக்கப்பட்டு, பாரம் முழுவதும் மறுபக்கம் சாய்ந்த மரம் எந்த நாட்டு மரமாயினும் பெருங்காற்றில் நிற்பது கடினம். நாற்றங்காலில் பிளாஸ்டிக் பைக்குள் அளவுக்கு மீறி நாள் கடந்த கன்றின் வேர் பையின் வடிவத்துக்கே சுருண்டுகொள்வதும், நட்டபின் அதே சுருளாகத் தடித்து மண்ணைப் பற்றாமல் போவதும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கவை.

ஆகவே இவ்வமைப்பு முதலில் வலியுறுத்துவது மண்ணை. வேர்வெளி என்பது நீரையும் காற்றையும் உறிஞ்சும் நுண்வேர்கள் பரவியிருக்கும் நிலப்பகுதி; அது ஆழமாகச் செல்வதைவிட மேல்மண்ணில் அகலமாக விரிந்து, பல மரங்களில் கிளைகளின் நிழல் எல்லையையும் தாண்டிச் செல்கிறது. நடைபாதை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அடிமரத்தைத் தொடும்வரை சிமெண்ட் பூசுவதும் கற்களைப் பதிப்பதும் இந்த வெளியை மூடிவிடுகின்றன. டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றுமாறு உத்தரவிட்டது. வளர்ந்த மரத்துக்கு ஒரு மீட்டர் போதாது என்றாலும், அந்தக் குறைந்த அளவையேனும் சென்னையின் ஒவ்வொரு சாலைப்பணி ஒப்பந்தத்திலும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். மழைநீர் வடிகால் மரத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களில் வளைந்து செல்ல வேண்டியது வடிகாலே. புதிய சாலைகளில் தனித்தனிக் குழிகளுக்குப் பதிலாக, ஒரு மரத்தின் வேர் அடுத்த மரத்தின் மண்ணையும் பகிர்ந்துகொள்ளும்படி நீண்ட மண்பட்டை விடப்படுவதே முறை. எந்த மரம் என்பது அதன்பின் வரும் கேள்வி: கடலோர மணலில் புன்னையும் பூவரசும், நீர் தேங்கும் தாழ்நிலத்தில் நீர்மருதும் நாவலும், குறுகிய தெருவில் மகிழமும் சரக்கொன்றையும் தமக்குரிய இடத்தில் தாமே நிலைகொள்ளும்.

மக்கள் முயற்சி எதைச் சாதிக்கும் என்பதற்குக் கோட்டூர்புரம் மரப்பூங்கா தக்க சான்று. அடையாற்றங்கரையில் குப்பை கொட்டும் இடமாக இருந்த அரசு நிலத்தை 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் உள்நாட்டு மரங்கள் நிறைந்த தோப்பாக மாற்றினர். இதில் கவனிக்க வேண்டியது நடவு நாளை அன்று, அதைத் தொடர்ந்த ஆண்டுகளை. அதிகாரி மாற்றலாகிச் செல்கிறார், பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகிறது. களை எடுக்கவும், கன்றின் கழுத்தை இறுக்கத் தொடங்கிய இரும்புக் கூண்டைக் கழற்றவும் அருகிலேயே வாழ்கிறவர்கள்தாம் எஞ்சுகின்றனர். எனினும் பகுதிவாசி என்பதாலேயே ஒருவர் மரத்தின் நண்பராகிவிடுவதில்லை. இலை காரின்மேல் உதிர்கிறது என்று கிளையை வெட்டச் சொல்வோரும், பூங்காவைப் பூட்டி வெளியாரை விலக்க முனைவோரும் குடியிருப்போர் சங்கங்களில் உண்டு. இந்த அறிக்கை கோரும் உரிமை காப்பதற்கான உரிமையே. வெட்டச் சொல்வதற்கானதும் பூட்டுப் போடுவதற்கானதும் ஆகாது.

2020 முதல் சென்னை மாநகராட்சி பல இடங்களில் உருவாக்கிவரும் மியாவாக்கி காடுகளைப் பொறுத்தவரை இவ்வமைப்பு எதிர்ப்பும் இன்றி, மயக்கமும் இன்றி நிற்கிறது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த இம்முறையில், மண்ணைப் பண்படுத்தி, அந்நிலத்தில் இயல்பாக வளரக்கூடிய பல அடுக்கு இனங்களின் கன்றுகளை ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு என நெருக்கி நடுவதால் அவை ஒளிக்குப் போட்டியிட்டு விரைவாக உயர்கின்றன. முறையின் உயிர் 'அந்நிலத்தில் இயல்பாக' என்பதில் இருக்கிறது. சோழமண்டலக் கரைக்கு உரியது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, அதாவது மழை குறைவாயினும் இலை முழுவதையும் ஒருசேர உதிர்க்காத குட்டையான, அடர்ந்த காடு; அதன் எச்சங்கள் கோயில் காடுகளிலும் ஓரளவு கிண்டி தேசியப் பூங்காவிலும் இன்றும் உள்ளன. உலக்கைப்பாலை, வீரை, காசான் போன்ற அதன் மரங்கள் மெதுவாக வளர்பவை, சந்தையில் எளிதில் கிடைக்காதவை. அவற்றை விட்டுவிட்டு நாற்றங்காலில் கைக்குக் கிடைத்ததை நெருக்கி நட்டால் கிடைப்பது பச்சையான புதரே. மேலும், ஆளே நுழைய முடியாத அந்த அடர்த்தி பறவைக்கும் பூச்சிக்கும் உதவுமேயன்றி, வெயிலில் பேருந்துக்கு நிற்பவருக்கும் இஸ்திரி வண்டிக்காரருக்கும் நிழல் தராது. மரமில்லாத வெளியெல்லாம் மரத்துக்காகக் காத்திருக்கும் வெளி என்ற எண்ணமும் தவறு: கிண்டியின் வெளிமான் திறந்த புல்வெளியை நம்பி வாழ்வது, பள்ளிக்கரணையின் பறவைகளுக்கோ வேண்டியது சதுப்பு.

நகரின் பசுமை சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை வரைபடத்தைப் பார்த்த எவரும் அறிவர். ஆளுநர் மாளிகை, தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி., பிரம்மஞான சபையின் தோட்டம் என்று தெற்கே பழைய மரங்கள் திரண்டிருக்க, வியாசர்பாடியிலும் இராயபுரத்திலும் ஒரு கன்றுக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் பொதுப் பயனுக்காக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டிய பத்து விழுக்காட்டுத் திறந்தவெளி, அதாவது ஓ.எஸ்.ஆர். நிலம், புதிய புறநகர்களுக்குப் பயன்படலாம். மனைப்பிரிவு விதிகள் தோன்றுமுன்பே நெருங்கிவிட்ட வடசென்னைக்கு அது உதவாது. அங்கே பள்ளி வளாகம், மருத்துவமனை முற்றம், ரயில்வே ஓரம், கால்வாய்க் கரை ஆகியவையே மரத்துக்குரிய இடங்களாதலால், அவற்றை வைத்திருக்கும் துறைகள் பகுதிமக்களுடன் எழுத்து உடன்பாடு செய்துகொள்ள முன்வர வேண்டும்.

சட்டத்தில் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. மகாராஷ்டிரம் 1975இலும் கர்நாடகம் 1976இலும் டெல்லி 1994இலும் மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சட்டமோ மலைப்பகுதிகளுக்கு மட்டும் உரியது. 2021இல் அமைக்கப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுக்கள் பொதுநிலத்து மரங்களை வெட்ட அனுமதி பெறும் முறையைக் கொண்டுவந்தது வரவேற்கத்தக்கதே ஆயினும், விண்ணப்பம் வந்ததை அந்தத் தெரு அறிவதற்கு வழி வேண்டும். வெட்டப்படவுள்ள மரத்திலேயே தமிழில் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள் தர வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது. வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று என்ற ஈடு இழந்த நிழலுக்கு ஈடாகாது. மெட்ரோ பணிக்காக மூடப்பட்ட செனாய் நகர் திரு.வி.க. பூங்கா பத்தாண்டுக்கும் மேலாகப் பகுதிமக்களுக்குக் கிட்டாமல் போயிற்று. அத்தனை காலத்தில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் விளையாடும் வயதைக் கடந்துவிடுகின்றனர். மெட்ரோ வேண்டாம் என்பதன்று இதன் பொருள். நிலையத்தின் வாயில் எங்கே வரும் என்பதை வரையும் கட்டத்திலேயே மரங்களின் கணக்கெடுப்பும் மேசைமேல் இருக்க வேண்டும்.

இவ்வமைப்பு தன்னளவில் ஏற்கும் கட்டுப்பாடுகளும் உண்டு. மூன்று கோடைக்கு நீரூற்றுவோர் யார் என்று தெருவாரியாகப் பெயர் குறிக்கப்படாத எந்த நடவு விழாவிலும் அது பங்கேற்காது. சாதனைப் புத்தகத்துக்காக ஒரே நாளில் கன்று நடும் நிகழ்ச்சிகளுக்கு ஆள் அனுப்பாது. நன்கொடையாளரின் பெயர்ப்பலகை மரத்தில் ஆணியால் அறையப்படுவதை அனுமதிக்காது. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், தான் பொறுப்பேற்ற தெருக்களில் உயிரோடுள்ள கன்றுகளையும் பட்டுப்போனவற்றையும் இனவாரியாக எண்ணி, பட்டதற்கான காரணத்தோடு வட்டார அலுவலகத்தில் அளிக்கும்.