சமன்பாடு தெரியும், ஆசிட் தெரியாது

1/ தீபாவளிக்கு முந்தின வாரம். எமர்ஜென்சிக்கு ஒரு இளம்பெண்ணைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. விடாத இருமல், கண்ணெல்லாம் செவப்பு, மூச்சு விட முடியல. பாத்ரூம் கறை போகலைன்னு பிளீச்சிங் பவுடரைப் போட்டு, அது மேலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊத்தியிருக்காங்க. கதவு சாத்தி இருந்திருக்கு.

2/ ஆக்சிஜன், நெபுலைசர், ராத்திரி முழுக்கக் கண்காணிப்பு. மறுநாள் நல்லா பேசினாங்க. "ப்ளஸ் டூல என்னம்மா குரூப்?"

"பயாலஜி சார். கெமிஸ்ட்ரில சென்டம்."

"பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தா என்ன வரும்?"

ஒரு நொடிகூட யோசிக்கல. "கால்சியம் குளோரைடு, தண்ணி, குளோரின் வாயு..." சொல்லிட்டு அப்படியே நிறுத்திட்டாங்க. "இதுதான் அதுன்னு தோணவே இல்ல சார்."

3/ அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லங்க. சமன்பாட்டுக்கு முழு மார்க் கொடுத்துட்டு, அந்தப் பாட்டிலை ஒருநாள்கூட கண்ணுல காட்டாத நம்ம வகுப்பறை மேலதான் தப்பு.

4/ குளோரின் காற்றை விட சுமார் இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோட தங்கும். குனிஞ்சு தேய்க்கிறவங்க மூக்குக்கு நேரா. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியம் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். நம்ம பாத்ரூம்ல இதுக்குத் தேவையான ரெண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

5/ "ப்ராக்டிகல் இருக்கே டாக்டர்"னு சொல்வீங்க. நானும் அதுல படிச்சு வந்தவன்தான். பரீட்சை அன்னைக்கு லேப்ல ஒருத்தர் வந்து, நமக்கு வந்த உப்பு என்னன்னு காதுல சொல்லிட்டுப் போவார். டைட்ரேஷன் ரீடிங் முன்கூட்டியே தெரியும். ரெக்கார்டு நோட்டு? சீனியரோடதைப் பார்த்து அப்படியே காப்பி. இதுக்குப் பேர் பரிசோதனையா? கையெழுத்துப் பயிற்சி.

6/ வழக்கமான மூணு சாக்கு இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

சாக்கு 1: "லேப் இல்ல."
மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் சமயத்துல லண்டன்ல பிள்ளைகளுக்கு ஆறு சொற்பொழிவு நடத்தினார். மொத்தத்துக்கும் மையம் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி உங்க ஸ்கூல்ல இல்லையா?

7/ மஞ்சள் தூளைக் குழைச்சு ஒரு காகிதத்துல தடவிக் காய வைங்க. சோப்புத் தண்ணி ஒரு சொட்டு: செவந்து போகும். மேல எலுமிச்சை பிழிங்க: திரும்ப மஞ்சள். வெள்ளைச் சட்டையில சாம்பார் கறை துவைக்கும்போது ஏன் செவக்குதுன்னு எந்தப் பிள்ளையும் இனி மறக்காது.

8/ செம்பருத்திப் பூவை வெந்நீர்ல ஊற வைங்க. அந்தத் தண்ணியில எலுமிச்சை விட்டா அடர் ரோஸ். தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி விட்டா பச்சை. இப்போ ரோஸ் தண்ணியில ஒரு ஆன்டாசிட் மாத்திரையைப் பொடிச்சுப் போடச் சொல்லுங்க. நிறம் மெல்ல மாறும். "உன் தாத்தா சாப்பிட்டதும் போடுற மாத்திரை வயித்துக்குள்ள செய்யுற வேலை இதுதான்டா"ன்னு சொல்லிப் பாருங்க. கடைசி பெஞ்சும் எழுந்து வந்து எட்டிப் பார்க்கும்.

9/ சாக்கு 2: "நீட்டுக்கு நேரம் பத்தல."
நீட்ல கெமிஸ்ட்ரிக்கு 45 கேள்வி, 180 மார்க். சரி. அந்தப் பாடத்திட்டத்துலயே செய்முறை வேதியியலுக்குன்னு தனி யூனிட் இருக்கு. அதையும் நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிறோம்! நீச்சலைப் புத்தகத்துல படிச்சவனைக் கிணத்துல தள்ளி விடுவீங்களா?

10/ சாக்கு 3: "ஆபத்து."
எனக்குக் கோபம் வர்றது இதுக்குத்தான். கண்ணாடி போட்டு, கையுறை மாட்டி, ஆசிரியர் பக்கத்துல நின்னு, "தண்ணியிலதான் ஆசிட்டை விடணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தக் கூடாது"ன்னு கத்துக்கிற இடம் ஆபத்தா? இல்ல, எதுவும் தெரியாம கதவைச் சாத்திக்கிட்டு பாத்ரூம்ல கலக்குற இடம் ஆபத்தா?

11/ ஆசிரியர்களைத் திட்டுறதா நினைக்காதீங்க. செஞ்சு காட்ட ஆசைப்படுற ஆசிரியர்கள் நிறைய பேர். "போர்ஷன் முடிச்சாச்சா?"ன்னு துரத்துறது நிர்வாகமும், நாமளும்தான். அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க்கைக் கேட்டுட்டு, இன்னொண்ணும் கேளுங்க: "இந்த மாசம் எம்புள்ள தன் கையால என்ன செஞ்சான்?"

12/ கடைசியா, டாக்டரா ஒரு வார்த்தை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீங்க. "என்னதான் ஆகுதுன்னு பார்ப்போமே"ன்னும் வேண்டாம். தவறிச் சேர்ந்துட்டா உடனே வெளிய வந்து நல்ல காத்துல நில்லுங்க. கண் எரிஞ்சா ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மூச்சுத் திணறல் இருந்தா தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க. நுரையீரல்ல நீர் கோர்க்கிறது சில மணி நேரம் கழிச்சும் வரலாம்.

13/ அந்தப் பொண்ணு டிஸ்சார்ஜ் ஆகும்போது, "எந்தம்பி டென்த் படிக்கிறான் சார், அவனுக்கு பாட்டில் லேபிளைப் படிச்சுக் காட்டணும்"னாங்க. ஸ்கூல் செய்ய வேண்டிய வேலை அது. அதுவரைக்கும் இன்னைக்கு சாயங்காலம் நீங்க செய்யுங்க. மஞ்சளும் எலுமிச்சையும் வீட்டுலயே இருக்கு.