உறுத்தாத சட்டையும் உரிமையே

கேரளத்தில் ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளிகள் திறக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் ஏறத்தாழ அதே நாட்களில்தான் இறங்குகிறது. பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல் எனத் தமிழக எல்லையை ஒட்டியும் அண்டியும் கிடக்கும் ஊராட்சிகளில் அந்த முதல் நாள் ஒரு திருவிழாவைப் போன்றது. ஆனால் சில வீடுகளில் அந்தக் காலை அழுகையோடு விடிகிறது. புதுச் சீருடை கழுத்தைத் தொட்டதும் குழந்தை அதைப் பிய்த்தெறிகிறது. காலரின் உட்புறம் தைத்திருக்கும் லேபிள், அக்குளின் முரட்டுத் தையல், இடுப்பை இறுக்கும் எலாஸ்டிக் ஆகியவற்றை மற்றக் குழந்தைகள் சில நிமிடங்களில் மறந்துவிடுகிறார்கள். இந்தக் குழந்தைக்கோ அவை நாள் முழுவதும் ஓயாத வேதனை. அதன்மேல் மழைக்கோட்டையும் மாட்டினால், ஈரத்தில் ஒட்டும் பிளாஸ்டிக்கும் அதன் சரசரப்பும் உள்ளே தேங்கும் புழுக்கமும் சேர்ந்து அதை நிலைகுலையச் செய்கின்றன. பள்ளி வண்டி போய்விடுகிறது. தாய் அன்றைய கூலியை இழந்து வீட்டில் தங்குகிறாள். “பிடிவாதம்”, “வளர்ப்புச் சரியில்லை” என்று அண்டை அயலார் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இது பிடிவாதம் இல்லை என்பதை மருத்துவம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. தொடுதல், ஒலி, ஒளி ஆகியவற்றை மூளை வரிசைப்படுத்தும் முறை எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி வல்லுநர் ஜீன் ஏயர்ஸ் 1970களிலேயே இதை விரிவாக எழுதினார். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு, புலனுணர்வின் மிகையையும் குறைவையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் துணி உறுத்துவதில்லை. ஆட்டிசம் இல்லாத சில குழந்தைகளுக்கும் உறுத்துகிறது. சில குழந்தைகள் தளர்ந்த துணியைத் தாங்க மாட்டார்கள். இறுக்கமான உடையில்தான் அமைதி அடைவார்கள். ஆகவே எந்த உடை பொருந்தும் என்பதற்கு முதல் சாட்சி அந்தக் குழந்தையின் உடலே.

இந்திய அரசும் இதை அறியாமல் இல்லை. ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் வழங்கப் பயன்படும் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள் ஆறு பிரிவுகளாக அமைந்துள்ளன. அவற்றுள் ஒரு பிரிவு முழுவதும் புலனுணர்வு பற்றியது. குழந்தையின் தோல் எதைத் தாங்காது என்று கேட்டு, மதிப்பெண் இட்டு, முத்திரை குத்தித் தருகிறது அரசு. அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்ட அதே குழந்தை மறுநாள் பள்ளிக்குப் போகும்போது, அதே உறுத்தும் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறது பள்ளி. காகிதத்தில் ஒப்புக்கொண்ட வேதனையை நடைமுறையில் ஒப்புக்கொள்ள மறுக்கும் இந்த முரண்பாடுதான் இங்கே கேள்விக்குரியது.

சந்தை இந்தத் தேவையைக் கண்டுகொண்டது. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2017இல் லேபிள் இல்லாத, தட்டைத் தையல் கொண்ட குழந்தை உடைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2018இல் இத்தகைய குழந்தைகளுக்கான எளிதில் அணியும் பள்ளிச் சீருடைகளை அறிமுகப்படுத்தியது. இங்கேயும் இணையக் கடைகளில் “உறுத்தாத உடை” என்ற பெயரில் பொருள்கள் விலை போகின்றன. சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் வசதியான குடும்பம் அதை வாங்கிவிடும். ரப்பர் வெட்டுக்கும் நூறுநாள் வேலைக்கும் போகும் எல்லையோரக் குடும்பத்துக்கு அது எட்டாக் கனி. அமைதிப்படுத்தும் என்று சொல்லி எடை வைத்த மேற்சட்டைகளும் விற்கப்படுகின்றன. அவற்றால் உறுதியான பயன் உண்டு என்பதற்கு ஆய்வு மதிப்பீடுகளில் போதிய சான்று கிடைக்கவில்லை. வேதனை உண்மையானது, அதைச் சாக்காக வைத்து விற்கப்படும் எல்லாமே தீர்வாகிவிடாது.

உண்மையில் இதற்கு வேண்டிய பொருள் விலை உயர்ந்தது அன்று. பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணி. அடியோடு தையல் பிரித்து அகற்றிய லேபிள். வெளிப்புறம் திருப்பித் தைத்த அல்லது மடித்துத் தட்டையாக்கிய தையல். காலருக்குப் பதில் திறந்த வட்டக் கழுத்து. எலாஸ்டிக்குக்குப் பதில் நாடா. லேபிளைக் கத்தரித்தால் மிஞ்சும் சிறு துண்டு முன்னிலும் மோசமாகக் குத்தும் என்பதால் தையலைப் பிரித்தே எடுக்க வேண்டும். மழைக்கு, உடலோடு ஒட்டும் கைவைத்த கோட்டுக்குப் பதிலாகப் பருத்திச் சட்டைக்கு மேல் தோளில் போர்த்திக்கொள்ளும் தளர்ந்த மழைப்போர்வை சில குழந்தைகளுக்கு ஒத்துவருகிறது. சிலருக்குக் குடையே போதும். புதுத் துணியைப் பள்ளி திறக்கும் நாளில் முதன்முதலாக உடுத்தாமல், விடுமுறையிலேயே வீட்டில் சிறிது சிறிது நேரம் பழக்குவதும், இரண்டு மூன்று துணிகளை முன்வைத்துக் குழந்தையையே தேர்ந்தெடுக்கவிடுவதும் பெற்றோர்கள் அனுபவத்தில் கண்ட வழிகள். ஊர்த் தையற்காரர் ஒருவர் அரைநாளில் முடிக்கக்கூடிய வேலை இது. தடையாக நிற்பது பணத்தைவிட, “எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும்” என்ற பள்ளியின் விதியே.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ப நியாயமான மாற்று ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. அத்தகைய ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்று அச்சட்டத்தின் வரையறைப் பிரிவு கூறுகிறது. 40 சதவீத ஊனச் சான்று இருந்தால்தான் 16ஆவது பிரிவு பொருந்தும் என்ற நிபந்தனை ஏதுமில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவது எந்தச் சட்டத்தின்கீழ் கடமையோ, காலரில்லாத சட்டையை அனுமதிப்பதும் அதே சட்டத்தின்கீழ் கடமைதான். சாய்தளத்துக்குச் சிமெண்டாவது வேண்டும். இதற்கு ஒரு தலைமையாசிரியரின் ஒற்றை வரி உத்தரவு போதும்.

சீருடை மாற்ற முடியாத புனிதப் பொருள் அன்று என்பதைக் கேரளமே நிரூபித்திருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளி, 2018இல் ஆண் பெண் குழந்தைகள் எல்லோருக்கும் முழங்கால் அளவுக் கால்சட்டையும் சட்டையும் என்று சீருடையை மாற்றியது. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசு மேல்நிலைப் பள்ளியும் பொதுச் சீருடைக்கு மாறியது. ஓடியாட இடைஞ்சலாக இருக்கிறது என்பதற்காக உடையை மாற்ற முடியுமானால், உடுத்தவே முடியவில்லை என்ற குழந்தைக்காக மாற்ற முடியாதா? சீருடையின் நோக்கம் ஏழை பணக்காரர் வேறுபாடு வகுப்பறைக்குள் தெரியக் கூடாது என்பது. சமத்துவத்துக்காக வந்த உடை, ஒரு குழந்தையை வாசலிலேயே நிறுத்துமானால் அது தன் நோக்கத்தையே தோற்கடிக்கிறது. நிறம் ஒன்றாக இருக்கட்டும். துணியும் தைப்பும் குழந்தைக்கேற்ப இருக்கட்டும்.

இதற்கான துணியை வெளிநாட்டில் தேட வேண்டியதும் இல்லை. நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் வள்ளியூர்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர்கள் குடியேறிய ஊர் அது. தமிழ் பேசும் அந்த நெசவாளர்கள் தெருவில் பாவை விரித்து அரிசிக் கஞ்சி தோய்த்து நெய்த பருத்தித் துணிக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. 2017-18 கல்வியாண்டில் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய இலவசக் கைத்தறிச் சீருடைத் திட்டம், நலிந்துகிடந்த இந்தத் தறிகளுக்கு வேலை தந்தது. குழந்தைகளுக்குக் கைத்தறித் துணியைத் தந்தது. நெசவாளியின் வயிற்றையும் மாணவரின் தோலையும் ஒரே நூலால் இணைத்த திட்டம் அது. அதை இன்னும் ஓரடி முன்னே கொண்டுசெல்வதுதான் இப்போதைய தேவை. கஞ்சி விறைப்பு எங்கே ஏறுகிறது, எத்தனை துவைப்பில் இறங்கும், எந்த நூலில் நெய்தால் துணி மெத்தென்றிருக்கும் என்பதெல்லாம் பாலராமபுரத்து நெசவாளிக்குக் கைவந்த அறிவு. கஞ்சி நீக்கி மென்மையாக்கிய சீருடைத் துணியை, வேண்டும் குழந்தைகளுக்கென்று தனியே நெய்துதர கூட்டுறவுச் சங்கங்களால் இயலும். ஆனால் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றால் அந்த அறிவும் தறியோடு சேர்ந்து ஓய்ந்துவிடும். கூலி பாக்கிக்காகக் கைத்தறித் தொழிலாளர்கள் எழுப்பிவரும் குரலும் இந்தக் குழந்தைகளின் கோரிக்கையும் வெவ்வேறானவை அல்ல.

நிதிக் கேள்வியையும் மறைக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டம் இரண்டு செட் சீருடைக்கு ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 600 ரூபாய்தான் அனுமதிக்கிறது. தையல் கூலிக்கே அது போதாது. சிறப்பாசிரியர்களுக்கும் இதே திட்டத்திலிருந்துதான் ஊதியம் வர வேண்டும். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்றிய அரசோ, பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதைக் காரணம் காட்டி 2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது; கேரளத்தின் நிதியையும் முடக்கியது. தில்லியில் முடங்கிய கோப்பின் விலையை எல்லையோரக் கிராமத்துக் குழந்தை செலுத்துகிறது.

எல்லையோரத்துக்கென்று ஒரு கூடுதல் சுமையும் உண்டு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் கோடு விழுந்ததே தவிர, உறவும் மொழியும் பிழைப்பும் கோட்டின் இருபுறமும் கலந்தே இருக்கின்றன. ஆக்குளத்திலுள்ள நிஷ் நிறுவனத்துக்கும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் போகும் தமிழ்த் தாய்க்கு விளக்கங்கள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் கிடைக்கின்றன. தன் குழந்தைக்கு எந்தத் துணி, எந்த ஒலி தாங்கவில்லை என்பதைத் தாய்மொழியில்தான் ஒருவரால் நுட்பமாகச் சொல்ல முடியும். மதிப்பீட்டின் முதல் படியே மொழியில் தடுக்கினால் மற்றவை எப்படி நேராகும்?

இந்த மண்ணில் மேலாடை என்பது எப்போதுமே வெறும் துணியாக இருந்ததில்லை. தென் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் தோள்சீலை உடுத்தும் உரிமைக்காக அடியும் தீயும் தாங்கி நின்றார்கள். 1859இல் அரசாணை வந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. யார் எதை உடுத்த வேண்டும் என்பதை அன்று சாதி வகுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஊருட்டம்பலத்தில், பஞ்சமி என்ற தலித் சிறுமியை அய்யன்காளி பள்ளியில் சேர்க்கப் போனபோது ஆதிக்கச் சாதியினர் பள்ளியையே கொளுத்தினார்கள். இன்று அந்தப் பள்ளி அவ்விருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. சாதிக் கொடுமையையும் சீருடை உறுத்தலையும் ஒரே தராசில் வைப்பது தவறு. ஆனால் அப்போராட்டங்கள் விட்டுச்சென்ற கேள்வி ஒன்றுதான்: பொதுப் பள்ளியின் வாசல் எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்திருக்கிறதா? அய்யன்காளி பிறந்த வெங்கானூரில்தான், அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான கேரளத்தின் முதல் பட்ஸ் பள்ளி 2004இல் ஊராட்சியின் முயற்சியால் தொடங்கியது. அந்த மரபு உயிரோடுதான் இருக்கிறது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. புலனுணர்வுச் சிக்கலுள்ள குழந்தைக்குச் சீருடையின் துணி, தைப்பு ஆகியவற்றில் விலக்களிக்கும் பொது உத்தரவைக் கல்வித்துறை பிறப்பிக்க வேண்டும். அதற்குச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்காமல் பெற்றோரின் சொல்லையும் சிறப்பாசிரியரின் குறிப்பையும் ஏற்க வேண்டும். கைத்தறிச் சீருடைத் திட்டத்தில் மென்துணிக்குத் தனி ஒதுக்கீடும், நெசவாளர்களுக்கு உடனுக்குடன் கூலியும் வேண்டும். தைப்பு வேலையைக் குடும்பஸ்ரீ தையல் அலகுகளிடம் கொடுத்துக் கூலியை ஊராட்சி ஏற்க வேண்டும். எல்லையோர ஊராட்சிகளில் மதிப்பீடும் ஆலோசனையும் தமிழிலும் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் அரசின் விலையில்லாச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களிடம் இதே கோரிக்கையை எடுத்துச்செல்ல முடியும்.

இவற்றைச் செய்ய வைக்கும் பொறுப்பு இயக்கத்துக்கு உண்டு. ஊராட்சி உறுப்பினராகவும் பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகியாகவும் ஆசிரியர் சங்க ஊழியராகவும் கைத்தறிச் சங்கப் பொறுப்பாளராகவும் தோழர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். ஆனால் உறுத்தும் சட்டையை “வீட்டு விஷயம்” என்று ஒதுக்கிவிட்டு, அதைத் தாயின் தனிச் சுமையாக விட்டுவிடும் வழக்கம் இயக்கத்துக்குள்ளும் இருந்திருக்கிறது. ஊருக்குள் வீட்டோடு முடங்கிக்கிடக்கும் குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் எதனால் பள்ளிக்குப் போகவில்லை என்று ஒவ்வொரு கிளையும் வீடு வீடாகச் சென்று கேட்டறிவது கடினமான பணி அன்று. அடுத்த ஜூன் மழை இறங்கும் முன் அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். நெய்த கை தெரு முனையில் இருக்கிறது. தைக்கும் கை பக்கத்து வீட்டில் இருக்கிறது. உத்தரவிடும் கையைத்தான் அசைக்க வேண்டியிருக்கிறது.