அரப்புக்கு என்ன குறைச்சல்?

புதுச்சத்திரத்தில் எந்தப் பெட்டிக்கடை வாசலில் நின்றாலும் தலையில் இடிக்கிற மாதிரி ஷாம்பு சரம் தொங்குகிறது. கடைக்காரர் பேர்கூடக் கேட்பதில்லை. “நீலமா, பச்சையா?” என்று கேட்டுக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். சேலம் பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண்ணிலிருந்து லாரி கழுவுகிற பையன்வரை எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை: ஷாம்பு போடாத தலை குளித்த தலையே இல்லை. அரப்பு, சீயக்காயெல்லாம் அப்பத்தா காலத்துச் சமாச்சாரம். வேறு கதியில்லாமல் தேய்த்துக்கொண்டார்கள், பாவம்!

அந்தப் ‘பாவம்’ என்கிற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் பக்கத்து வறண்ட காட்டில் அரப்பு மரத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதில்லை, தானாக நிற்கிறது. தெற்கே உசிலை என்பார்கள். உசிலம்பட்டிக்கு அந்தப் பேர் வந்ததே இந்த மரத்தால் என்றும் சொல்வார்கள். இலையை உருவி, நிழலில் காயவைத்து, மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனால் மில்காரர் முகத்தைச் சுளிப்பார். மிளகாய்கூடப் பரவாயில்லை, அரப்புத் தூசி பறந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் தும்மித் தீர்ப்பார்கள். ராகி அரைக்க வந்தவர் சண்டைக்கே வந்துவிடுவார். அதனால் எல்லாரும் போன பிறகு கடைசியில்தான் அரப்பு. அந்தத் தும்மலைக் கிளப்புகிற சப்போனின் என்கிற சரக்குதான் தலையிலிருக்கிற எண்ணெயையும் எடுக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரோடு போய்விடும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது இதே வகைச் சரக்குதான். ஷாம்புவில் இருக்கிற சல்பேட்டும் இந்த வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

“அப்புறம் நுரை?” என்பார்கள். நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. நுரை பொங்கி நிற்பதற்கென்றே ஷாம்புவில் தனியாகச் சரக்குச் சேர்க்கிறார்கள். எண்ணெய் வைத்த தலையில் முதல் பாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள், நுரை வராது. எண்ணெய் அதை அமுக்கிவிடும். அழுக்குப் போகவில்லை போலிருக்கிறது என்று இரண்டாவது பாக்கெட்டைக் கிழிப்போம். அது பொங்கி வழியும். எடுப்பதற்கு எண்ணெய் மிச்சமில்லாததால் வருகிற பொங்கல் அது! காய்ந்தபின் முடி தேங்காய் நார்போல நிற்கும், அதற்குக் கண்டிஷனர். இருந்த வழவழப்பை ஒரு பாக்கெட்டில் வழித்தெடுத்துவிட்டு அடுத்த பாக்கெட்டில் நமக்கே விற்கிற வியாபாரம் இது. முடிக்கு ஊட்டச்சத்து என்கிறார்களே, அது இதைவிட வேடிக்கை. தோலுக்கு வெளியே இருக்கிற முடிக்கு உயிரே கிடையாது. இரண்டு நிமிஷத்தில் அலசிக் கொட்டுகிற ஒன்று அதற்கு என்ன ஊட்டிவிடும்?

ஷாம்பு இல்லாமல் குளியலில்லை என்பதை ஆதிகாலத்து நம்பிக்கை போலப் பேசுகிறோமே, அதற்கு வயது எவ்வளவு? கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர்தான் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழிகாட்டிய முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதல் போட்டுச் சிக் ஷாம்பு தொடங்கினார். கிராமம் கிராமமாகப் போய், ஒரு பையனை உட்காரவைத்து எல்லார் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, முடியைத் தொட்டுப் பார், முகர்ந்து பார் என்றார்கள். ரஜினி படம் போட்டு இடையிடையே விளம்பரம் ஓட்டினார்கள். காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் புதுப் பாக்கெட் இலவசம். பிறகு ஐம்பது காசுக்கும் விற்றார்கள். கெட்டிக்கார வியாபாரம், பெரிய கம்பெனிகளே மிரண்டன. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. ஆனால் ஒன்றை இப்படி ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தின நாள்வரை அது இல்லாமல் யாரும் நாறிக் கிடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதே கம்பெனி பின்னாளில் மீரா சீயக்காய்த் தூளும் விற்றது.

இன்னொரு கூத்து, ‘ஷாம்பு’ என்ற சொல்லே இங்கிருந்து போனது. பிடித்துவிடுவது, அமுக்கிவிடுவது என்ற பொருளில் இந்திக்காரர்கள் சொன்ன ‘சாம்போ’. பாட்னாவில் 1759இல் பிறந்த தீன் முகமது, இங்கிலாந்தில் பிரைட்டன் கடற்கரையில் குளியல் நிலையம் வைத்து வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டார். ராஜாவுக்கே ‘ஷாம்பு வைத்தியர்’ ஆனார். விரல் வேலைக்கு இருந்த பேர் கப்பலேறிப் போய், பாட்டிலில் அடைபட்டுத் திரும்பிவிட்டது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தண்ணி வார்க்கும்போது அம்மாயியின் நகம் மண்டையில் படுமே, பாதி அழுக்கு அதிலேயே போய்விடும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி துளைத்து எடுத்துக் கொடுத்த உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் திரிந்துபோய், முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஷாம்பு அப்படித் திரியாது. உண்மைதான். ஆனால் திரிந்தது சோப்பு, அரப்பில்லை. உடம்புக்குப் போட்ட கட்டியையே தலைக்கும் தேய்த்துக் கெடுத்துக்கொண்டோம், அந்தக் கேட்டிலிருந்து மீட்க வந்த புண்ணியவானாக ஷாம்பு உள்ளே நுழைந்தது. பூஞ்சையால் வருகிற பொடுகுக்கும் சொரியாசிஸுக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஷாம்பு மருந்து. அதில் எனக்குப் பேச்சில்லை. கோழிப்பண்ணையில் நாளெல்லாம் எருவும் தீவனத் தூசியும் தலையில் சுமந்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்துவாளோ என்று கூசுகிற பெண்ணிடம் போய் அரப்புப் பெருமை பேச எனக்கு வாய் வராது. அவளுக்கு வேண்டியது வாசனை, ஒரு ரூபாய்க்கு அது கிடைக்கிறது. அதை வாசனை என்றே சொல்லி விற்கட்டுமே, அவசியம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

அரப்பில் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கண்ணில் பட்டால் உயிர் போகும். சரியாக அலசாவிட்டால் பச்சைத் துகள் வகிட்டில் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் துகளோடு காலேஜுக்குப் போன ஒரு பெண்ணை ‘காட்டுக்காரி’ என்று கூட்டாளிகள் கேலி செய்ய, அன்றோடு அவள் வீட்டு அரப்பு டப்பா பரணுக்குப் போனது எனக்குத் தெரியும். அதை வீட்டைவிட்டு விரட்டியது அழுக்கு இல்லை, வெட்கம். பம்புசெட்டுத் தொட்டியோரம் போய்ப் பாருங்கள், கிழித்துப் போட்ட நீலமும் பச்சையும் வாய்க்கால் மடையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. வருஷம் போனாலும் மக்காது. அரப்புத் தண்ணீர் பாய்ந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது.

நம் ஊரிலிருந்து நாமக்கல் எவ்வளவு தூரம்? அங்கே கூரையில்லாத கோயிலில் 18 அடி ஆஞ்சநேயர் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். அபிஷேகத்தில் அவருக்கு நல்லெண்ணெய், பிறகு சீயக்காய்த் தூள். ஏணிமேல் நின்று பட்டாச்சாரியார் தண்ணீர் ஊற்றுகிறபோது, நுரை வந்ததா என்று எந்த பக்தரும் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.